குறட்டைக் கருவி தாடை மூட்டைக் கெடுக்குமா? கேள்வி பதில்

தாடை மூட்டு வலிக்காரர்களைத் தினமும் பார்க்கும் பல் மருத்துவர் நான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு வாயில் மாட்டிக்கொள்ளும் கருவி பற்றிக் குழுவில் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்து பார்க்கும் பரிசோதனை) செய்யாமல் எதையும் வாயில் மாட்டாதீர்கள்.

சிபாப் மெஷினை (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைப்பது) என்னால் தாங்க முடியவில்லை, மாஸ்க்கைத் தூக்கத்திலேயே பிடுங்கிவிடுகிறேன். ஏ.எச்.ஐ. 22. கருவி போடலாமா?

போடலாம். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்.

மேல் பல் வரிசைக்கு ஒரு தட்டு, கீழ் வரிசைக்கு ஒரு தட்டு. இரண்டும் சேர்ந்து கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி வைக்கும். நாக்கின் வேர் கீழ்த்தாடையில்தான் பிடித்திருக்கிறது, அதனால் தாடையோடு நாக்கும் முன்னே வந்து தொண்டையில் காற்றுக்கு வழி விடும்.

மூச்சுத் தடையைக் குறைப்பதில் சிபாப்தான் வலுவானது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2013இல் சிட்னி ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றி ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மெஷின் தடையை அதிகம் குறைத்தது, கருவியை மக்கள் இரவில் அதிக நேரம் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேசை மேல் கிடக்கும் மெஷினால் யாருக்கும் பயனில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2015 வழிகாட்டுதலும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. போட்டுப் பழகியதும் கருவியோடு படுத்து இன்னொரு ஸ்லீப் ஸ்டடி செய்யுங்கள். குறட்டை நின்றது என்பதற்காக மூச்சுத் தடையும் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது.

வாய் திறக்கும்போது ஒரு பக்கம் 'டக்' என்று சத்தம் வருகிறது. இந்தக் கருவி மூட்டைத் தேய்த்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் குமிழ் முதலில் சுழலும், அப்புறம் முன்னால் வழுக்கும். ஒவ்வொரு கொட்டாவிக்கும் இது நடக்கிறது. ஆக, முன்னால் போவது மூட்டுக்குப் புதிதல்ல. ஆறேழு மணி நேரம் அங்கேயே நிற்பதுதான் புதிது. குமிழுக்குப் பின்னால் இருக்கும் மென்மையான திசு இழுபடுகிறது, தாடைத் தசைகளும் இறுகுகின்றன. முதல் சில வாரங்கள் காலையில் வலிப்பது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே குறைந்துவிடும்.

வலி இல்லாத வெறும் சத்தம் தடையே இல்லை. குமிழுக்கும் குழிக்கும் நடுவில் உள்ள வட்டு கொஞ்சம் நகர்ந்திருப்பதன் அடையாளம் அது. நன்றாக இருக்கும் பலருக்கும் இருக்கிறது. ஆனால் வாய் பூட்டிக்கொள்கிறதா, உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கினால் வாய்க்குள் போகவில்லையா, மெல்லும்போதே வலிக்கிறதா? அப்படியானால் முதலில் மூட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உங்களுக்குச் செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 'எவ்வளவு முன்னால் ஆரம்பிக்கிறீர்கள்?' தாடை முழுதாக எவ்வளவு முன்னே போகுமோ அதில் பாதி அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் துளித்துளியாகத் தள்ள வேண்டும். முதல் நாளே முழுசாக இழுத்து வைத்துவிட்டு 'பழகிடும்' என்பவரிடம் போகாதீர்கள். என்னிடம் வலியோடு வருபவர்களில் பலர் இப்படி அவசரப்பட்டவர்கள்.

கருவியைக் கழற்றியதும் கடவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று படவே இல்லை. இட்லிகூட மெல்ல முடியவில்லை.

இரவெல்லாம் முன்னால் நின்ற தாடை திரும்பி உட்கார நேரம் எடுக்கிறது. கழற்றியதும் பற்களைப் பழைய இடத்தில் வைத்து மெதுவாகக் கடித்துப் பழகுங்கள். இதற்கென்றே காலையில் கடிக்கும் சின்ன அச்சு ஒன்றும் செய்து தருவார்கள். அரை மணி, ஒரு மணியில் சரியாகிவிட்டால் கவலை இல்லை. மதியச் சாப்பாடு வரை சேரவில்லை என்றால் செய்தவரிடம் காட்டுங்கள்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரகம் ஆன்லைனில் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். பல்லில் பிடிப்பு இருக்காது, அளவு பார்த்து நகர்த்துவதும் கடினம், கண்காணிக்க ஆளும் இல்லை. கண்காணிக்க ஆள் இல்லாததுதான் மூட்டுக்கு ஆபத்து.

நான் ஆம்னி பஸ் டிரைவர், இரவு ஓட்டம். நாலு வருடமாகக் கருவி போடுகிறேன். தூக்கம் சொக்குவது போய்விட்டது. ஆனால் இப்போது நாள் முழுக்கப் பின்பற்கள் சேர்வதில்லை. முன்பற்கள் முட்டுகின்றன. மூட்டு போய்விட்டதா?

(பதில் எழுதுவதற்குள் குழுவில் உள்ள பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர், "உடனே கழற்றிவிடுங்கள், பல் வரிசையே நாசமாகிவிடும்" என்று எழுதினார். இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.)

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நகர்ந்திருப்பது பற்கள். மூட்டு அல்ல. தூங்கும்போது தாடை பின்னால் போகப் பார்க்கிறது, கருவி விடுவதில்லை. அந்த இழுவை முழுவதையும் பற்கள்தான் தாங்குகின்றன: மேல் முன்பற்கள் உள்ளே சாய்கின்றன, கீழ் முன்பற்கள் வெளியே சாய்கின்றன. வருடக்கணக்கில் போடுபவர்களிடம் இது நன்றாகத் தெரிந்த விளைவு. போடும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், நிறுத்தினாலும் முழுதாகத் திரும்பாது. கடி மாறுவதும் மூட்டு கெடுவதும் வேறு வேறு. இரண்டையும் குழப்புவதால்தான் இத்தனை பயம்.

சீரமைப்பு மருத்துவருக்கு: பற்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 'உடனே கழற்று' என்பதை என்னால் ஏற்க முடியாது. இவர் இரவில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார். மாற்று ஏற்பாடு இல்லாமல் கழற்றினால் அன்றிரவே மூச்சுத் தடை திரும்பும், சொக்கலும் திரும்பும். மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்த பல்லையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அவர் மறுபடி எழுதினார்: "இப்படி ஆகும் என்று போடும்போதே அவரிடம் யாராவது சொன்னார்களா?" நியாயமான கேள்வி. சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே பல் அச்சும் புகைப்படமும் எடுத்து வைத்து, 'கடி மாறலாம், சம்மதமா?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். நாலு வருடம் யாரும் பார்க்காமல் விட்டது தப்புதான்.

டிரைவர் அண்ணாவுக்கு: நேரில் மூட்டைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், கருவியோடு புது ஸ்லீப் ஸ்டடி ஒன்று செய்யுங்கள். சிபாப்பை இன்னொரு மாஸ்க்கோடு முயன்று பாருங்கள். அது பழகிய பிறகு கருவியை நிறுத்துவதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

மனைவி பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். எந்தக் கருவி நல்லது?

ஸ்லீப் ஸ்டடி முதலில்.

ஆன்லைனில் நல்ல ரேட்டிங் உள்ள ஒன்று...

மேலே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குப் பல்லே இல்லை, முழு பல்செட். அவருக்கு வழி உண்டா?

பற்களைப் பிடித்து நிற்கும் கருவி பல்செட்டில் நிற்காது. நாக்கை மட்டும் சின்ன ரப்பர் குமிழுக்குள் உறிஞ்சி முன்னால் வைத்திருக்கும் ரகம் உண்டு, 1982 முதல் மருத்துவ இதழ்களில் இருக்கிறது. பழகுவது கடினம். அப்பாவுக்குச் சிபாப்தான் முதல் முயற்சியாக இருக்கட்டும்.

என் பையனுக்கு எட்டு வயது, குறட்டை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். டான்சிலையும் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டையும் பார்ப்பார். வளரும் தாடையில் பெரியவர்களுக்கான கருவியை வைக்கக் கூடாது.

இரவில் பல் கடிப்பேன். மேல் பல்லுக்கு மட்டும் ஒரு தட்டு கொடுத்திருக்கிறார்கள். குறட்டையும் உண்டு. ஒன்றும் ஆகாதே?

நல்ல வேளை கேட்டீர்கள். சாதாரண பல்கடித் தட்டு தாடையை முன்னால் கொண்டுவருவதில்லை. மூச்சுத் தடை உள்ள சிலருக்கு அது தடையை அதிகமாக்கியதைச் சிறு ஆய்வொன்றில் பார்த்திருக்கிறார்கள். பல் கடிப்பும் குறட்டையும் சேர்ந்திருந்தால் தட்டு கொடுத்த மருத்துவரிடம் குறட்டையையும் சொல்லுங்கள். அப்புறம்... ஆமாம், ஸ்லீப் ஸ்டடி.

டிரைவர்: டாக்டர், கம்பி கட்டிப் பல்லைச் சரிசெய்துவிட்டுத் திரும்பக் கருவியையே போடலாமா?

கருவி தொடர்ந்தால் கம்பி நகர்த்திய பற்கள் மறுபடி நகரும், பணம் வீண். மெல்லச் சிரமம் இல்லையென்றால் இப்போதைக்குப் பல்லை விடுங்கள். சிபாப் பழகட்டும். அதுவரை இன்றிரவும் கருவியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குங்கள்.