வாசகர் கேள்விகள்: பிறர் சாயலும் நம் குரலும்

கேள்வி: கவிதை எழுதி வருகிறேன். நான் விரும்பிப் படிக்கும் கவிஞர்களின் சாயல் என் வரிகளில் தெரிவதாக நண்பர்கள் சொல்லத் தொடங்கியதிலிருந்து பிறர் கவிதைகளைப் படிப்பதையே நிறுத்தியிருக்கிறேன். எனக்கென்று ஒரு குரல் அமையும்வரை இப்படி இருப்பது சரிதானா?
– வாசகி, தேனி

பதில்: சரியன்று; படிப்பதை இன்றே மீண்டும் தொடங்குங்கள். ஏற்கெனவே படித்தவை நீங்கள் நிறுத்திவிட்டதால் மறைந்துவிடப் போவதில்லை. புதிதாக எதுவும் வந்து சேராத நிலையில், அந்தச் சில கவிஞர்களின் பிடிதான் இன்னும் இறுகும்.

கம்பரின் மிதிலைக் காட்சிப் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிமாடத்தில் நிற்கும் சீதையும் வீதியில் செல்லும் இராமனும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வில் முறிவதற்கு முன்பே நிகழும் இந்தச் சந்திப்பு வான்மீகத்தில் இல்லை. திருமணத்திற்கு முன் கண்கள் கலந்து காதல் பிறப்பது தமிழ் அகப்பாடல்களின் களவு மரபு. அதை வடமொழிக் காப்பியக் கதைக்குள் கம்பர் கொண்டுவந்து வைத்தார். மரபை மட்டுமன்றிச் சொற்களையும் கடன் வாங்கினார். ‘கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல’ என்பது குறிப்பறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள். கம்பரோ, ‘கண்ணொடு கண்இணை கவ்வி, ஒன்றை ஒன்று உண்ணவும்’ என்று பாடுகிறார். முதல் இரண்டு சொற்கள் வள்ளுவர் வைத்த வரிசையிலேயே அப்படியே நிற்க, அடுத்த சொல்லில் காட்சி வேறாகிவிடுகிறது: குறளில் ஒத்துப்போகும் பார்வைகள் கம்பரிடம் பசியோடு பற்றிக்கொள்கின்றன.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதற்குச் சற்றுப் பின்னால் வரும் பாட்டு. வாய்ச்சொல்லால் பயனில்லை என்ற குறளின் கருத்தையும் கம்பர் விட்டுவிடவில்லை. ‘கருங்கடல் பள்ளியில் கலவி நீங்கிப் போய்ப் பிரிந்தவர் கூடினால் பேசல் வேண்டுமோ’ என்று கேட்கிறார். பார்வை ஒத்துவிட்டதால் பேச்சு வேண்டாம் என்றது குறள். பாற்கடலில் திருமாலும் திருமகளுமாக இருந்து பிரிந்தவர்களே இங்கு மீண்டும் சந்திக்கிறார்கள், ஆகவே பேச்சு வேண்டாம் என்கிறார் கம்பர். முடிவு ஒன்றுதான், ஆனால் காரணம் முற்றிலும் புதியது. அதனால் முதல் சந்திப்பாக நாம் படித்துக்கொண்டிருந்த காட்சி மறுசந்திப்பாக மாறுகிறது. குறளை ஆழ்ந்து படித்திராத ஒருவருக்கு இந்தப் பாட்டு வாய்த்திருக்குமென்று நான் நம்பவில்லை.

ஆகவே நண்பர்கள் சாயல் என்று சொன்னால், எந்த வரியில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் உங்கள் கண்ணால் கண்டது என்ன, படித்ததிலிருந்து வந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். கண்டது ஒன்றுமே இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடலாம். ஏதேனும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றி எழுதலாம். இதுவரை அதிகம் படித்திராத ஒரு கவிஞரையும், இயன்றால் வேறொரு நூற்றாண்டைச் சேர்ந்தவரை, கூடவே படித்து வாருங்கள்.

கேள்வி: முன்னோரிடமிருந்து எடுத்துக்கொள்வது எந்த இடத்தில் திருட்டாகிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எடுத்ததை மறைக்க முயலும் இடத்தில் என்பேன். மணிமேகலையில் மருதி என்னும் பெண்ணிடம் பேசும் சதுக்கப் பூதம் (நாற்சந்தியில் இருக்கும் காவல் தெய்வம்), ‘தெய்வந் தொழாஅள்’ எனத் தொடங்கும் குறளை ஏறத்தாழ முழுமையாகச் சொல்லி, அது ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று சொன்னவரையும் போற்றுகிறது. நன்னூல் என்னும் இலக்கண நூலின் ஆசிரியர் பழைய சூத்திரங்களைத் தம் நூலில் எடுத்தாள்வதற்கு, ‘முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்’ என்று காரணத்தைப் பாயிரத்திலேயே வெளிப்படையாகக் கூறிவிடுகிறார். கம்பர் குறளைப் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. ஆயினும் குறள் அறிந்த வாசகருக்கு அவருடைய பாட்டு மேலும் சுவைக்கிறது. மூலம் தெரிந்தவுடன் மதிப்பிழந்துபோகும் கவிதையைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

நம் காலத்து எழுத்தைப் பொறுத்தவரை சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, அது வெளிப்பட்ட வடிவத்தையே காக்கிறது. எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், வாழும் கவிஞர் ஒருவரின் வரியை உங்கள் கவிதைக்குள் கொண்டுவந்தால் அவர் பெயரை அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள். குறளைப் போல எல்லோருக்கும் தெரிந்த வரியாக அது இராது. வாசகர் அதை உங்களுடையதென்றே எண்ணிக்கொள்வார்.