சி.எல்.எல். இருப்பவர் முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்ளலாமா?

அப்பாவுக்கு சி.எல்.எல். எனும் ரத்தப் புற்றுநோய், அதற்கு இப்ரூடினிப் எனும் மருந்து சாப்பிடுகிறார், முழங்கால் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் செய்யலாம். இது அவசர அறுவை இல்லை என்பதால் நாள் பார்த்துச் செய்யலாம்.

சிக்கல் அந்த மருந்தில்தான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அவை ஒழுங்காக ஒட்டாது; ரத்தம் கசியும். முன்கையில் அடிபடாமலே நீலத் திட்டு வருமே, அதுதான். எனவே அறுவைக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் வரை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ரத்தநோய் டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அப்புறம் கிருமித்தொற்று. இந்த நோயில் எதிர்ப்புப் புரதங்கள் குறையும். செயற்கை மூட்டில் கிருமி ஒட்டினால் மறுபடி திறக்க வேண்டிவரலாம். ஐ.ஜி.ஜி. எனும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்க்கக் கேளுங்கள். சொத்தைப் பல் இருந்தால் முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.