பதில்: கணக்குக்குப் பயந்து பாதுகாப்பு மரபியலை விடலாமா?

விலங்குகள் மேல் உள்ள ஆசையில், அருகிவரும் உயிரினங்களை மரபியலின் துணையோடு காக்கும் படிப்பான பாதுகாப்பு மரபியலை எடுத்தீர்கள், இப்போது சூத்திரங்களைப் பார்த்து மிரண்டு, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். அந்தக் கணக்குக்குள்தான் விலங்கே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். இனப்பெருக்கம் செய்யும் மான்கள் 100. ஆண் 50, பெண் 50 என்றால் பயனுறு தொகை அளவு (மரபணுக் கணக்கில் அவை எத்தனை மானுக்குச் சமம் என்ற எண்) 100. அதுவே 5 ஆண்கள், 95 பெண்கள் என்றால்? இரண்டையும் பெருக்கி, 4ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுங்கள்: 19தான். கண்ணுக்குத் தெரிவது 100 மான். மரபணு வேறுபாட்டைக் காப்பதில் 19 மானின் பலம்தான். இது பிடிபட்டால் உட்கலப்பு (நெருங்கிய உறவுகளுக்குள் இனப்பெருக்கம்), மரபணு நகர்வு (மரபணு வகைகள் தற்செயலாகக் கூடுவதும் குறைவதும்) எல்லாம் பின்னாலேயே வரும்.

அப்புறம் புளோரிடா பாந்தர் பற்றி, அதாவது அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமாக்கள் பற்றி, முழுசாகப் படியுங்கள். 1990களின் தொடக்கத்தில் மிஞ்சியவை சுமார் 20, 30தான். உட்கலப்பால் மடங்கிய வால், இதயக் குறைபாடு, விந்தகம் கீழிறங்காத ஆண்கள். 1995இல் டெக்சாசிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குறைபாடுகள் குறைந்தன, எண்ணிக்கை ஏறியது. வெளிக்கலப்பால், அதாவது வேற்றிடத்து விலங்குகளோடு கலப்பதால், உள்ளூர்த் தகவமைப்பு கெடுமோ என்ற தயக்கம் நியாயமானதே. ஆனாலும் அந்த முடிவு சரி என்பேன்.

ஆய்வகமா, களமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) நிரல்மொழியை மட்டும் உடனே தொடங்குங்கள். ஆய்வேட்டுக்கு வழிகாட்டியைப் பார்க்கும்போது, மாதிரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், மாதிரி எடுக்கும் அனுமதிக்குக் காத்திருந்தே காலம் ஓடிவிடும்.