பிள்ளை சைக்கிளில், நாங்கள் ஸ்கூட்டியில்: பள்ளிக்கூடப் பாதைக் கேள்வி பதில்

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனுக்குக் கிட்ட சைக்கிளும் ஸ்கூட்டியும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார்கள், கூட நான் ஸ்கூட்டியில் போனேன். காலமை ஏழு மணிக்கு ஏ9 றோட்டில் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளை சைக்கிள் உழக்க, பக்கத்தில் தாயோ தகப்பனோ ஸ்கூட்டியில் ஊர்ந்து போவார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

வட்டக்கச்சியிலிருந்து ஒரு தாய்: அண்ணா, மகன் ஆறாம் ஆண்டு. நான் அவனுக்கு வலப்பக்கமாக, வாகனங்களுக்கு மறைப்பாக ஓடுகிறேன். அது சரிதானே?

தங்கச்சி, நானும் அப்படித்தான் ஓடினேன். மூத்தவள் ஆறாம் ஆண்டு படிக்கையில், பக்கத்துப் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போவோம். ஒரு நாள் பின்னால் டிப்பர் ஒன்று ஹோர்ன் அடித்தது. அதற்கு இடம் விட என் கை தானாக இடப்பக்கம் வெட்டியது. என் கண்ணாடித் தண்டு அவளுடைய ஹாண்டிலில் கொழுவி, பிள்ளை றோட்டுக் கரைக் கிரவலுக்குள் போய் விழுந்தாள். முழங்கால் பிளந்து வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். டிப்பர் எங்களைத் தொடவே இல்லை. விழுத்தினது நான். அந்தத் தழும்பு இன்னும் அவளுடைய காலில் இருக்கிறது.

மறைப்பாக ஓடும்போது நடப்பது இதுதான். வருகிற வாகனத்துக்கு நீங்கள் விலகினால், விலகுகிற இடத்தில் பிள்ளை இருக்கிறது. இரண்டு பேருமாக றோட்டின் அரைவாசியை எடுக்கிறீர்கள், முந்த வருகிறவர் எதிர்ப்பக்கத்துக்குப் போகவேண்டி வருகிறது. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கும், முன்னால் இருக்கிற குழியைப் பார்க்காது.

பின்னால் ஓடுங்கள். நாலைந்து சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, பிள்ளையின் கோட்டிலிருந்து ஓர் அடி வலப்பக்கம் தள்ளி. பின்னால் வருகிறவருக்கு முதலில் உங்கள் ஸ்கூட்டியின் சிவப்பு லைற் தெரியும், அவர் உங்களுக்காக விலகினால் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விலகுவார். பிள்ளை விழுந்தாலும் நிற்பாட்ட இடம் இருக்கும். 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு நாலு மீற்றர் போய்விடுகிறோம், அதனால் அந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று. பின்னால் இருந்து ஹோர்ன் அடிக்காதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும். வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தால் ஹாண்டிலும் வலப்பக்கம் திரும்பும், சைக்கிள் நடு றோட்டுக்கு வரும். ஹாண்டிலை அசைக்காமல் திரும்பிப் பார்க்கிறதை முதலில் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ பழக்குங்கள். பின்னால் நீங்கள் நின்று விரல்களைக் காட்டி, எத்தனை விரல் என்று கேளுங்கள். ஒரு கிழமையில் பிடிபடும்.

விசுவமடுவிலிருந்து ஒருவர்: எனக்கு இது விளங்குவதில்லை. ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனால் முடிந்தது. ஏன் இரண்டு வண்டி?

நியாயமான கேள்வி. முதல் காரணம், காலமை ஏற்றிப் போகிறவர் ஒன்றரை மணிக்குக் கூட்டிவர அங்கே நிற்பதில்லை. வயலிலோ, கந்தோரிலோ, தையல் வேலையிலோ நிற்பார். சைக்கிள் கையில் இருந்தால் பிள்ளை கூட்டாளிகளோடு வீடு வந்து சேரும். இரண்டாவது, வீட்டில் ஒரு பிள்ளைதான் என்றில்லை. சின்னது ஸ்கூட்டியில் பின்னால், பெரியது சைக்கிளில் முன்னால். எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாமல் தாய் ஒருத்தியே முழுக் குடும்பத்தையும் இழுக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

2022 இல் வந்த எரிபொருள் தட்டுப்பாட்டையும் மறக்கேலாது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த ஓகஸ்டில் என் கடைக்கு வந்த அளவுக்குப் பழைய லுமாலா சைக்கிள்கள் அதற்கு முதல் வந்ததில்லை. கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்ததை எல்லாம் தூசு தட்டிக் கொண்டு வந்தார்கள். அப்போது சைக்கிளுக்கு மாறின பிள்ளைகளில் கனபேர் இன்னும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு தகப்பன்: தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக்கு மகள் உழக்கேலாமல் களைத்துப் போகிறாள். முதுகில் கை வைத்துத் தள்ளிவிடலாமா? சிலர் காலால் கரியரைத் தள்ளுகிறார்கள்.

வேண்டாம். கையாலும் வேண்டாம், காலாலும் வேண்டாம். ஒரு கையால் தள்ளினால் மற்றக் கையால்தான் ஸ்கூட்டியைப் பிடிக்கிறீர்கள். வலக்கை திரொட்டிலில் இருக்க, இடக்கை பிரேக்கில் இல்லை. அவசரத்துக்குப் பின்பிரேக்கைப் பிடிக்க ஆளில்லை. தள்ளுகிற உந்தல் நடுவில் விழாமல் ஒரு பக்கத் தோளில் விழுந்தால் சைக்கிள் மற்றப் பக்கம் சரியும்.

சோளகம் வைகாசி தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் விடாது. வெளியான வயல்வெளியில் அந்தக் காற்று ஆளை நிறுத்திவிடும். அதற்கு நான் சொல்வது மூன்று: அந்த மாதங்களில் கால்மணி முந்தி வெளிக்கிடுங்கள். ரயருக்கு இறுக்கமாகக் காற்று அடியுங்கள், பெருவிரலால் அமத்தினால் பள்ளம் விழக்கூடாது. செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தூசி மாதத்தில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பழந்துணியால் துடைத்துவிட்டு நாலைந்து சொட்டு போதும். காய்ந்த செயினோடு காற்றுக்கு எதிரே உழக்க வளர்ந்த ஆளுக்கே கஷ்டம், பிள்ளை என்ன செய்யும்? அதற்கும் மேலே களைத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். பிந்தினால் நீங்களே போய் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அக்கராயனிலிருந்து ஒரு அக்கா: பிள்ளைக்குப் பின்னால் மெதுவாகப் போகப் போக என்ர ஸ்கூட்டி எடுக்கும்போது நடுங்குகிறது. கிளச் போய்விட்டதோ?

அக்கா, கடைக்கு வருகிற தாய்மாரின் ஸ்கூட்டிகளில் அரைவாசிக்கு இந்த வருத்தம்தான். இடப்பக்க மூடிக்குள் ஒரு பெல்ற்றும் ஒரு கிளச்சும் இருக்கின்றன. இயந்திரம் வேகமாகச் சுற்றினால்தான் கிளச் கட்டைகள் விரிந்து வெளிக்கிண்ணத்தை இறுக்கிப் பிடிக்கும். சைக்கிள் வேகத்தில் ஊரும்போது அவை முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூட்டில் கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போகும். பிறகு எடுக்கும்போது பிடித்துப் பிடித்து விடும், அதுதான் அந்த நடுக்கம்.

மூடியைக் கழற்றி, தூசி தட்டி, கட்டையையும் கிண்ணத்தையும் மணற்கடதாசியால் உரஞ்சினால் பெரும்பாலும் சரிவரும். கட்டை தேய்ந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். திரும்ப வராமல் இருக்க, திரொட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டே பிரேக்கால் வேகத்தைக் குறைக்கிற பழக்கத்தை விடுங்கள். ஆளில்லாத நேர் றோட்டில் பிள்ளையை நாற்பது ஐம்பது மீற்றர் முன்னுக்கு விட்டு, பிறகு ஒரே சீராக எடுத்துக் கிட்டப் போங்கள். சந்தி வரும்போது மட்டும் கிட்ட நில்லுங்கள்.

கால் இரண்டையும் தொங்கவிட்டு நிலத்தில் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள். கிரவலில் கால் மாட்டினால் முறியும். கிரவல் றோட்டில் முன்பிரேக்கைத் தனியாக இறுக்கவும் வேண்டாம், முன்சில்லு வழுக்கிக்கொண்டு போகும்.

தருமபுரத்திலிருந்து: பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் மணல் டிப்பர் பயம். பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

டிப்பர் 60 இல் வந்தால் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் வந்துவிடும். பிள்ளை யோசித்து முடிக்க முதல் வந்து சேரும். சத்தம் கேட்டவுடன் வெட்டிக் கரைக்குப் போகாமல், ஹாண்டிலை நேராகப் பிடித்து, தன் கோட்டிலேயே போகச் சொல்லுங்கள். வெட்டுகிறபோதுதான் தார் விளிம்பில் சில்லு இறங்கி விழுகிறது. டிப்பர் கடந்தபின் ஒரு காற்று உள்ளுக்கு இழுக்கும், அதையும் முதலே சொல்லி வையுங்கள். தெரிந்திருந்தால் பயப்படாது.

மாசி பங்குனியில் வேறு ஆபத்து. காலபோக நெல்லை றோட்டில் காயப் போடுகிறோம். ஓரத்துக்குக் கல் அடுக்குகிறோம், நெல்லை அள்ளிக்கொண்டு போகிறோம், கல்லை விட்டுவிடுகிறோம். நெல்லுக்கு விலத்தி நடு றோட்டுக்கு வருவது சைக்கிள் பிள்ளைதான். நெல் காயப் போடுகிறவர்களே, நானும் வயல் செய்கிறவன்தான், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரத்தில் ஒரு சைக்கிள் போக இடம் விடுங்கள். போகும்போது கல்லை எடுத்துவிடுங்கள்.

கண்டாவளையிலிருந்து: சின்னவனை முன்னால் கால் வைக்கிற தட்டில் நிற்க வைத்து, மகளைப் பின்னால் இருத்துகிறேன். தவறா?

தவறுதான், தங்கச்சி. சட்டப்படி பின்னால் ஒரு ஆள்தான், அந்த ஆளுக்கும் ஹெல்மெட் வேண்டும். சட்டத்தை விடுங்கள். முன்னால் நிற்கிற பிள்ளையின் கை திரொட்டிலுக்குக் கிட்ட இருக்கிறது, வாய் ஹாண்டிலுக்கு நேரே இருக்கிறது. பிரேக் பிடித்தால் உங்கள் உடம்பும் சேர்ந்து அவனை அதில் அமத்தும். மகளுக்கு ஒரு பழைய சைக்கிள் பாருங்கள், சின்னவனைப் பின்னால் இருத்துங்கள், அவனுடைய தலைக்கு அளவான ஹெல்மெட் எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். பெரிய ஆளின் ஹெல்மெட்டைச் சின்னத் தலையில் கவிழ்ப்பதால் பிரயோசனம் இல்லை, விழும்போது அது முதலில் கழன்று போகும்.

முள்ளியவளையிலிருந்து: பின்னேர ரியூசன் முடிய இருட்டிவிடுகிறது. நான் பின்னால் லைற் போட்டுப் போனால் காணும்தானே?

காணாது. பிள்ளைக்கு நேர் பின்னால் லைற் போட்டால் பிள்ளையின் நிழல் முன்னால் நீளமாக விழும், குழி அந்த நிழலுக்குள் ஒளித்துவிடும். ஒரு நாள் முற்றத்தில் நிறுத்திப் பாருங்கள், கண்ணால் தெரியும். வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஓடுங்கள், லைற்றை டிம்மில் வையுங்கள். சைக்கிளுக்கு முன்னுக்குத் தனி லைற்றும், பின்னுக்குச் சிவப்பு ரிஃப்ளெக்ரரும் கட்டாயம். மாடு படுத்திருக்கிற றோட்டு எங்களுடையது, கறுப்பு மாடு கிட்டப் போனால்தான் தெரியும்.

மல்லாவியிலிருந்து: வளருவான் என்று மகனுக்கு 26 அங்குலச் சைக்கிள் வாங்கினேன். கால் எட்டுதில்லை.

வளரும் வரைக்கும் அதை எடுத்து வையுங்கள். சீற்றில் இருந்தபடி இரண்டு பாதத்தின் முன்பகுதியும் நிலத்தில் படவேண்டும். படாவிட்டால் நிற்பாட்டும்போது ஒரு பக்கம் சரிவான். பழைய 20 அல்லது 24 வாங்கிக் கொடுங்கள். பிரேக் பிடியை அவனுடைய விரல் முழுதாகச் சுற்றிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். புத்தகப் பையை ஹாண்டிலில் கொழுவ விடாமல் கரியரில் கட்டுங்கள்.

முறிகண்டிப் பக்கமிருந்து: கேற் இல்லாத ரயில் கடவையைக் கடக்கவேண்டி இருக்கிறது.

இரண்டு பேரும் இறங்குங்கள். நீங்கள் ஸ்கூட்டியின் எஞ்சினை நிற்பாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, காது கொடுத்துக் கேளுங்கள். ஓடுகிற ஸ்கூட்டியும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் ரயிலின் ஹோர்ன் பிந்தித்தான் கேட்கும். போரால் நின்றுபோன ரயில் 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்ப வரும் வரைக்கும், ரயிலே பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. தண்டவாளம் நடக்கிற பாதை என்ற நினைப்பு எங்களுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. சைக்கிளைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராகத் தள்ளுங்கள். மழைக்குச் சரிவாகப் போனால் சில்லு இடுக்கில் இறங்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: விடியப்புற வகுப்புக்குப் போகும்போது யானை.

கண்டால் நில்லுங்கள், திரும்புங்கள். ஹோர்ன் வேண்டாம், முந்திப் போகப் பார்க்க வேண்டாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து போகலாம். ஆனால் வெளிச்சம் வர முதல் வைக்கிற வகுப்பின் நேரத்தை மாற்றச் சொல்லிப் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். நான் சொல்லக்கூடிய நல்ல வழி அதுதான்.

புதுக்குடியிருப்பிலிருந்து: மழைக்குக் குளம் நிரம்பி வான் பாய்ந்து றோட்டுக்கு மேலால் தண்ணி. முழங்கால் அளவுதான். கடக்கலாமா?

கடக்காதீர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். வழியில் யாருக்கும் ஏதும் நடந்தால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த நம்பரைப் பிள்ளைக்கும் பாடமாக்குங்கள்.

ஒரு மாணவி, ஊர் எழுதவில்லை: மாமா, நான் எட்டாம் ஆண்டு. அப்பா ஒவ்வொரு நாளும் பின்னால் வருகிறார். கூட்டாளிகளுக்கு முன்னால் வெட்கமாக இருக்கிறது. வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளை, நீர் கேட்டது நல்லது. வரவேண்டாம் என்று சொன்னால் அப்பாவுக்கு நோகும். அதனால் இப்படிக் கேளும்: "அப்பா, ஒரு கிழமை என்னைப் பார்த்து மாக்ஸ் போடுங்கோ." மூன்று விஷயத்துக்கு. ஹாண்டில் ஆடாமல் திரும்பிப் பார்க்கிறேனா, ஒழுங்கையிலிருந்து பெரிய றோட்டுக்கு ஏறும்போது கால் ஊன்றி நிற்கிறேனா, வலப்பக்கம் திரும்பவேண்டிய சந்தியில் இடப்பக்கமே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதசாரிக் கடவையால் போகிறேனா. ஐந்து நாளும் மூன்றும் சரியென்றால், அடுத்த கிழமை அப்பா பெரிய சந்தியில் மட்டும் நிற்கட்டும், மிச்சத் தூரம் நீர் கூட்டாளிகளோடு போம், ஒருவர் பின் ஒருவராக. என் மூத்தவளும் நானும் அப்படித்தான் செய்தோம். மூன்றாவது கிழமை நான் சந்தியில் நின்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள், இடக்கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.