கூடைப்பந்தில் நன்றாக ஆடும் உயரமான ஆளை ஏன் பாதியில் வெளியே எடுக்கிறார்கள்?

ஊட்டியில் மேட்ச் முடிந்தால் டீக்கடையில் இந்தச் சண்டை தவறாமல் வரும். இரண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர்: வளையத்தருகே காவல் நிற்கும் இந்த உயரமான மூவர்தான் முன்வரிசை. முட்டி மோதி ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடிப்பது இவர்கள் வேலை என்பதால் ஃபவுலும் இவர்களுக்கே சீக்கிரம் சேரும். ஒருவருக்கு 5 ஃபவுல் ஆகிவிட்டால் ஆட்டத்தைவிட்டே வெளியே போக வேண்டியதுதான் (அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 6). 40 நிமிடமும் ஒருவரையே ஓடவிட்டால், அதுவும் 2,200 மீட்டர் உயரத்தில், கடைசியில் துள்ளக் கால் எழாது. அதனால் ஆளை மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். இதுதான் ரொட்டேஷன்.

நம் மலை ரயிலைப் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் தள்ளிவரும் நீராவி இன்ஜின் குன்னூரில் கழன்றுகொள்ளும். அப்புறம் ஊட்டிவரை டீசல். அதை யாரும் குறை சொல்வதில்லையே!

பெஞ்சில் உட்கார்ந்தவரை ஓரங்கட்டிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஃபவுல் கணக்கு முடியாதவரை அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப இறங்கலாம்.