ஆனோ வூவெஸ் கிராமத்தின் சிறப்பு என்ன?

கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹனியா நகருக்கு மேற்கே ஒலிவத் தோப்புகளுக்கிடையே அமைந்த ஆனோ வூவெஸ் என்னும் சிற்றூரின் சிறப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கு நிற்கும் முதிய ஒலிவ மரமே அதன் தலையாய அடையாளம். ஆண்டு வளையங்களைக் கொண்டு அதற்குக் குறைந்தது 2,000 வயது இருக்கும் என மதிப்பிட்டுள்ளனர். நடுவைரம் உளுத்துப் பொந்தாகிவிட்டதால் துல்லியமான வயதைக் கணிக்க வழியில்லை. பழங்காலத்து உழவர் யாரோ காட்டு ஒலிவத்தின் அடிமரத்தில் நல்லினக் கிளையை ஒட்டுக் கட்டியிருக்கிறார். பெயர் தெரியாத அந்தக் கையின் உழைப்பு இன்றும் காய்த்துக்கொண்டிருப்பதே, என் பார்வையில், இவ்வூர் வரலாற்றின் மிகப் பெரிய வியப்பு. 1997இல் இம்மரம் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெற்றியாளர்களுக்குச் சூட்டப்பட்ட இலைமுடிகளுக்கு இதன் கிளைகளும் பயன்பட்டன. அருகிலேயே, 2009இல் திறக்கப்பட்ட சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் மரபான ஒலிவச் சாகுபடிக் கருவிகளைக் காணலாம்.