ஓவர்ஹெட் பிட்கள் எதற்கு? கேள்வி பதில்

கொழும்பில் தொலைத்தொடர்புப் பரிமாற்றப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவள் என்பதால், இந்தத் தடவை கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓவர்ஹெட் பிட்கள் என்றால் பேச்சையோ தரவையோ சுமக்காமல், அவற்றைச் சரியாகக் கொண்டுசேர்க்க உதவும் கூடுதல் பிட்கள். ஒன்றையொன்று தொடரும் கேள்விகளை அருகருகே வைத்திருக்கிறேன்.

மொரட்டுவையில் படிக்கும் மாணவி: அக்கா, 30 அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் ஈ1 என்ற இலக்கமுறை இணைப்பின் வேகம் விநாடிக்கு 2048 கிலோபிட் என்கிறார்கள். ஓர் அழைப்புக்கு 64 வீதம் 30 அழைப்புகளுக்கு 1920தானே வருகிறது? மீதி 128 எங்கே போகிறது?

தங்கச்சி, அந்த மீதி இரண்டு டைம்ஸ்லொட்டுகளில், அதாவது நேரத் துண்டுகளில், இருக்கிறது. ஃபிரேம் என்பது ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப அனுப்பப்படும் பிட் தொகுப்பு. ஈ1 ஃபிரேம் ஒன்றில் 0 முதல் 31 வரை 32 ஸ்லொட்டுகள், ஒவ்வொன்றிலும் 8 பிட்கள், ஆக மொத்தம் 256. இப்படி விநாடிக்கு 8000 ஃபிரேம்கள் போகின்றன. 16ஆம் ஸ்லொட் வழக்கமாகச் சமிக்ஞைக்கு உரியது: எந்த அழைப்பு எடுக்கப்பட்டது, எது வைக்கப்பட்டது என்ற செய்திகள் அதில் போகும். 0ஆம் ஸ்லொட்தான் ஓவர்ஹெட்.

கம்பியில் வருவது 0, 1 என்ற ஓட்டம் மட்டுமே. எங்கே ஒரு ஸ்லொட் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காட்ட அதில் எந்தக் கோடும் இல்லை. பெறும் முனை ஒரே ஒரு பிட் தள்ளி எண்ணத் தொடங்கினாலும் முப்பது பேரின் பேச்சும் இரைச்சலாகிவிடும். அதனால் ஒன்று விட்ட ஒரு ஃபிரேமின் 0ஆம் ஸ்லொட்டில், 2ஆம் பிட் தொடக்கம் 8ஆம் பிட் வரை 0011011 என்ற அடையாள வரிசை வைக்கப்படுகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்ற 31 ஸ்லொட்டுகளுக்கும் பொருள் உண்டு. ஓவர்ஹெட்டை ‘வீணாகும் இடம்’ என்று எழுதும் பாடக்குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

அதே மாணவி: யாரோ ஒருவருடைய பேச்சிலேயே 0011011 தற்செயலாக வந்துவிட்டால்?

நிச்சயம் வரும். ஏழு பிட்கள் தற்செயலாகப் பொருந்த 128இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒரு தடவை கண்டதும் பெறும் முனை நம்பிவிடுவதில்லை. அடையாள வரிசையின் முதல் பிட், அதாவது ஸ்லொட்டின் 2ஆம் பிட், 0. அடையாளம் இல்லாத ஃபிரேமில் அதே பிட் கட்டாயம் 1. முதலில் அடையாளம், சரியாக ஒரு ஃபிரேம் கழித்து அந்த 1, அதற்கடுத்த ஃபிரேமில் மறுபடியும் அடையாளம்: மூன்றும் ஒத்துவந்தால்தான் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு அடையாளம் அடுத்தடுத்து மூன்று தடவை பிழையாக வந்தால் பிடி விட்டுப்போனதாகக் கொண்டு மறுபடியும் தேடத் தொடங்கும்.

பேச்சு கணத்துக்குக் கணம் மாறுவதால் போலி அடையாளம் நீடிக்காது. தரவு அப்படியல்ல; ஒரே வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வரலாம். அங்கேதான் சி.ஆர்.சி-4 என்ற பிழைச் சோதனை தேவைப்படுகிறது. 8 ஃபிரேம்களின் 2048 பிட்களையும் ஒரு தொகுதியாக எடுத்துக் கணக்கிட்டு, கிடைக்கும் 4 பிட் மீதியை அடுத்த தொகுதியில், 0ஆம் ஸ்லொட்டின் முதல் பிட்களில் அனுப்புவார்கள். விநாடிக்கு 1000 தொகுதிகள். அவற்றில் 915 அல்லது அதற்கு மேல் பிழையாக வந்தால், பூட்டியிருப்பது தவறான இடம் என்று முடிவு செய்யப்படும். ஏன் 915? தவறான இடத்தில் நின்றால் 4 பிட்கள் தற்செயலாகப் பொருந்த 16இல் ஒரு வாய்ப்புத்தான். எனவே ஆயிரத்தில் ஏறக்குறைய 937 பிழையாக வரும். அதற்குச் சற்றுக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கின் நேர்த்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

தெஹிவளையிலிருந்து, அலுவலகத் தொலைபேசி அமைப்பைப் பார்த்துக்கொள்பவர்: எங்கள் ஈ1 அட்டையில் மஞ்சள் எச்சரிக்கை எரிகிறது. சேவை தருபவர்கள் லைனில் பழுதில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

தம்பி, முதலில் அந்த மஞ்சளை நம்புங்கள். அடையாளம் இல்லாத ஃபிரேமில், 0ஆம் ஸ்லொட்டின் 3ஆம் பிட் எதிர்முனையின் குரல். “நீ அனுப்புவது எனக்குப் புரியவில்லை” என்றால் எதிர்முனை அதை 1 ஆக்கும். அந்தச் செய்தியை உங்கள் அட்டை வாசிக்க முடிகிறது என்றால் உங்களுக்கு வரும் பாதை நன்றாகவே இருக்கிறது. பழுது நீங்கள் அனுப்பும் திசையில்தான்.

உங்கள் அனுப்பும் சோடிக் கம்பியையும் இணைப்பியையும் பாருங்கள். அடுத்து, சி.ஆர்.சி-4 இரு முனையிலும் ஒரேமாதிரி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முனையில் இயக்கி மறுமுனையில் நிறுத்தியிருந்தால், பல கருவிகளில் இதே எச்சரிக்கைதான் வரும். விளக்கு அணைந்தால் போதும் என்று இரு முனையிலும் சி.ஆர்.சியை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் இயக்குங்கள். அதை நிறுத்தினால், மெல்ல மெல்லக் கெட்டுவரும் லைனை முன்கூட்டியே காட்டித்தரும் அளவுகோல் போய்விடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: டொரொன்டோவில் இருக்கும் என் அண்ணன் 24 அழைப்புகள் என்கிறார். அங்கே வேறு முறையா?

ஆம், வட அமெரிக்காவில் டீ1. 24 ஸ்லொட்டுகளுக்கு 192 பிட்கள், ஓவர்ஹெட்டாக ஒரே ஒரு பிட், மொத்தம் 193. விநாடிக்கு 1544 கிலோபிட். அந்த ஒற்றைப் பிட்டால் விநாடிக்கு 8000 பிட்கள் கிடைக்கின்றன. பின்னர் வந்த விரிவாக்க முறையில் 2000 அடையாளத்துக்கு, 2000 சி.ஆர்.சி-6 சோதனைக்கு, 4000 பராமரிப்புச் செய்திகளுக்கு. சமிக்ஞைக்குத் தனி ஸ்லொட் இல்லாததால், ஒவ்வொரு ஆறாவது ஃபிரேமிலும் பேச்சின் கடைசிப் பிட்டை எடுத்துக்கொள்வார்கள். காதுக்குத் தெரியாது. தரவுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே 64க்குப் பதிலாக 56 கிலோபிட் என்ற எண் புழங்கியது.

வெள்ளவத்தையிலிருந்து: நான்கு ஈ1களைச் சேர்த்தால் 8192 கிலோபிட். ஆனால் நான்கையும் சேர்த்துச் சுமக்கும் அடுத்த படி இணைப்பின் வேகம் 8448. ஏன் இவ்வளவு கூடுதல்?

நான்கு ஈ1களும் நான்கு வெவ்வேறு கடிகாரங்களில் ஓடிவரலாம். ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. அவற்றை ஒரே ஓட்டத்தில் கோக்க வேண்டுமானால் இடைவெளியை நிரப்பும் பிட்கள் தேவை. அந்த 8448 ஓட்டத்தின் 848 பிட் ஃபிரேமில் ஒவ்வொரு ஈ1க்கும் அத்தகைய ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அதில் இருப்பது உண்மைத் தரவா, வெறும் நிரப்பலா என்று சொல்ல மூன்று கட்டுப்பாட்டுப் பிட்கள். மூன்றும் ஒரே செய்தியையே சொல்லும், பெரும்பான்மைப்படி முடிவு. ஒன்றே போதாதா என்றால், அந்த முடிவு பிழையானால் அந்த ஈ1 முழுவதும் ஒரு பிட் நழுவி அடையாளத்தையே இழந்துவிடும்.

கல்கிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, இப்போது எல்லாம் இணையம்தானே. இந்தப் பிட்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன ஐயா, முன்பைவிட அதிகமாகவே. ஒளியிழையில் வந்த எஸ்.டி.எச். என்ற பரிமாற்ற முறையின் அடிப்படை ஃபிரேமில் 9 வரிசை, 270 நிரல். அதில் 9 நிரல்கள் ஓவர்ஹெட். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே வீதி தோண்டும்போது இழை அறுந்தால், அந்த ஓவர்ஹெட்டில் உள்ள கே1, கே2 என்ற இரண்டு பைட்கள் இரு முனைகளையும் பேசவைத்து, 50 மில்லி விநாடிக்குள் மாற்றுப் பாதைக்குத் திருப்பிவிடும். பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியக்கூட மாட்டாது.

உங்கள் வீட்டு ஈதர்நெட்டிலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் 8 பைட்கள் தொடக்கத்தை அறிவிக்கின்றன. கடைசி 4 பைட்கள் பிழை பார்க்கின்றன. நீண்ட தூர ஒளியிழைகளில் இப்போது பயன்படும் ஓ.டி.என். என்ற பரிமாற்ற முறையின் ஃபிரேமில் 4080 நிரல்களுள் கடைசி 256 பிழை திருத்துவதற்கு மட்டுமே. அங்கே ஒவ்வொரு 239 பைட்டுக்கும் 16 பைட்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு 8 பைட்கள் வரை பிழையாகியிருந்தாலும் பெறும் முனை தானே திருத்திக்கொள்ளும், மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதில்லை. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற கடலடிக் கேபிள்களில் ஒளி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிக் களைத்து வருகிறது. அங்கே பிழை திருத்தும் பிட்கள் இல்லாமல் இன்றைய வேகத்தில் தரவை வாசிக்கவே முடியாது.